பிரைவேட், பப்ளிக், புரொடெக்டட்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நிரல் ரிவ்யூவில் உட்கார்ந்தால் ஏதாவது ஒரு மெத்தடைக் காட்டி "இது ஏன் பப்ளிக்?" என்று நான் கேட்பதும், எதிரில் இருப்பவர் பதிலுக்கு என்னிடம் நாலு கேள்வி கேட்பதும் வழக்கமாகிவிட்டது. ஆள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அதனால் அவரவர் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் ஒரே இடத்தில் போட்டுவிட்டேன். ஜாவா எடுத்துக்காட்டுகள் கொஞ்சம் அதிகம் வரும், நான் அதிகம் புழங்கியது அதில்தான். புதிதாக வருபவர்களுக்கு: கிளாஸ் என்பது தரவையும் (ஃபீல்டு) அதன் மேல் நடக்கும் வேலைகளையும் (மெத்தட்) ஒன்றாகக் கட்டிய வார்ப்பு, அதிலிருந்து உருவாவது ஆப்ஜெக்ட். பொதுவாக பப்ளிக் என்றால் யாரும் தொடலாம், பிரைவேட் என்றால் அந்த கிளாஸ் மட்டும், புரொடெக்டட் என்றால் அதன் வாரிசு கிளாஸ்களும் (சப்கிளாஸ்) தொடலாம்.

இன்ஃபர்மேஷன் ஹைடிங், இன்ஃபர்மேஷன் ஹைடிங்னு சொல்றாங்களே, எல்லாத்துக்கும் பிரைவேட் போட்டா முடிஞ்சுதா?

முடியாது. பிரைவேட் என்பது மொழி கொடுக்கும் ஒரு சொல், அவ்வளவுதான். இன்ஃபர்மேஷன் ஹைடிங், அதாவது தகவல் மறைப்பு, அதற்கு முன்னாலேயே நீங்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டியது: இந்த நிரலில் எது நாளைக்கு மாறலாம், மாறினால் எத்தனை இடத்தில் கை வைக்க வேண்டியிருக்கும்? மாறக்கூடியதை ஒரு இடத்துக்குள் அடைத்து, மாறாது என்று நம்புவதை மட்டும் வெளியே காட்டுவதுதான் விஷயம்.

இதைத் தெளிவாகச் சொன்னது 1972-ல் கணினி அறிவியலாளர் டேவிட் பார்னஸ் எழுதிய கட்டுரை. அவர் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு ரொம்பச் சின்னது. சில வரிகளை வாங்கி, ஒவ்வொரு வரியிலும் முதல் சொல்லைத் தூக்கிக் கடைசியில் போட்டு, இப்படியே சுழற்றச் சுழற்றக் கிடைக்கிற வரிகளையெல்லாம் அகரவரிசையில் தர வேண்டும். நாம் என்ன செய்வோம்? வாங்க ஒரு பகுதி, சுழற்ற ஒன்று, வரிசைப்படுத்த ஒன்று, வெளியிட ஒன்று என்று வேலை நடக்கும் வரிசையிலேயே பிரிப்போம். அப்படிப் பிரித்தால் வரிகள் நினைவகத்தில் எப்படிக் கிடக்கின்றன என்பது கிட்டத்தட்ட எல்லாப் பகுதிக்கும் தெரிந்திருக்க வேண்டும், அதை மாற்றினால் எல்லாவற்றையும் திருத்த வேண்டும். அவர் காட்டிய இன்னொரு பிரிப்பில் அந்தச் சேமிப்பு முறை ஒரே பகுதிக்குள் இருக்கிறது, மற்றவை "இந்த வரியில் இந்தச் சொல்லில் இத்தனையாவது எழுத்தைக் கொடு" என்று கேட்டு வாங்கிக்கொள்கின்றன. இதற்கு பிரைவேட் என்ற சொல்லே தேவைப்படவில்லை, கவனியுங்கள்.

யார்கிட்டேருந்து மறைக்கணும்? டீம்ல இருக்கிறது எல்லாம் நம்ம ஆளுங்க, நிரலைத் திறந்தா எல்லாமே தெரியுது.

கண்ணிலிருந்து மறைப்பது இல்லை இது, சார்பிலிருந்து மறைப்பது. உங்கள் பிரைவேட் மெத்தடை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், ஆனால் அதை நம்பி அவருடைய நிரலைக் கட்ட முடியாது. அந்த வித்தியாசம் போதும்.

ஜாவாவில் எழுத்துச் சரத்தைச் சுமக்கும் ஸ்ட்ரிங் கிளாஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஜாவா 8 வரை அதன் உள்ளே இருந்தது ஒரு கேரக்டர் அரே (எழுத்துகளின் வரிசை), ஒவ்வொரு இடத்துக்கும் 2 பைட். 2017-ல் ஜாவா 9 வந்தபோது அதைத் தூக்கிவிட்டு பைட் அரே வைத்தார்கள், கூடவே எந்த முறையில் எழுதியிருக்கிறது என்று குறிக்க ஒரு சின்னக் கொடி. லத்தீன்-1 எழுத்துகள் (ஆங்கிலமும் மேற்கு ஐரோப்பிய எழுத்துகளும்) மட்டுமே இருந்தால் எழுத்துக்கு 1 பைட், இல்லாவிட்டால் பழையபடி 2. (தமிழ்ச் சரங்களுக்கு இதில் ஒரு லாபமும் இல்லை, நம் எழுத்துகள் அந்த லத்தீன் பட்டியலில் வராது.) ஸ்ட்ரிங்கைத் தொடாத ஜாவா நிரல் என்று ஒன்று கிடையாது. இருந்தும் இதற்காக யாரும் தன் நிரலைத் திருத்த வேண்டியிருக்கவில்லை, அந்த அரே முதல் நாளிலிருந்தே பிரைவேட்டாக இருந்ததால். ரிஃப்ளெக்‌ஷன் வழியாக (நிரல் ஓடும்போதே கிளாஸின் உள்ளே இருப்பதைப் பெயர் சொல்லி எட்டும் வசதி) அந்த அரேயை நேரடியாக எட்டிப் பிடித்து வைத்திருந்த சிலர் மட்டும் மாட்டிக்கொண்டார்கள். அவர்களைப் பற்றிக் கீழே வருகிறது.

அப்ப பாஸ்வேர்டை பிரைவேட் ஃபீல்டுல வெச்சா பாதுகாப்பா இருக்குமா?

இருக்காது. பிரைவேட் கைத்தவறுதலைத் தடுக்கும், திருடனைத் தடுக்காது. நினைவகத்தை அப்படியே நகலெடுத்தால் (டம்ப்) பிரைவேட்டும் பப்ளிக்கும் பக்கத்துப் பக்கத்தில்தான் கிடக்கும். பாதுகாப்பு தனிப் பாடம், அதை இங்கே குழப்ப வேண்டாம்.

நான் எதுவுமே போடலைன்னா அந்த மெத்தட் என்னவா இருக்கும்?

மொழிக்கு மொழி வேறு, ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுபவர்கள் முதலில் வழுக்கி விழுவது இங்கேதான். ஜாவாவில் எதுவும் போடாவிட்டால் அதே பேக்கேஜுக்குள் (சேர்ந்த கிளாஸ்களின் தொகுப்பு) மட்டும் தெரியும், ஆனால் இன்டர்ஃபேஸுக்குள் (எந்த மெத்தட்கள் இருக்க வேண்டும் என்று சொல்லும் ஒப்பந்தம்) எழுதினால் பப்ளிக். சி ஷார்ப்பில் கிளாஸுக்குள் இருப்பது பிரைவேட். சி++-ல் கிளாஸ் என்று ஆரம்பித்தால் பிரைவேட், ஸ்ட்ரக்ட் என்று ஆரம்பித்தால் பப்ளிக். கோட்லினிலும் பிஎச்பியிலும் பப்ளிக், ஸ்விஃப்டில் அதே மாட்யூலுக்குள் மட்டும். கோ மொழியில் சொல்லே கிடையாது, பெயரின் முதல் எழுத்து பெரிய எழுத்தாக இருந்தால் பேக்கேஜுக்கு வெளியே தெரியும், அதாவது தெரிவுநிலையை மாற்ற வேண்டுமென்றால் பெயரையே மாற்ற வேண்டும். எனக்கு அது முதலில் எரிச்சலாக இருந்தது, அப்புறம் பிடித்துப்போனது, ஏனென்றால் கூப்பிடும் இடத்தைப் பார்த்தாலே இது வெளிச்சரக்கா உள்சரக்கா என்று தெரிந்துவிடுகிறது.

எது இயல்பாக வருகிறதோ அதுதான் நிரல் முழுக்கப் பரவும். அதனால் பப்ளிக் இயல்பாக வரும் மொழிகளில் கொஞ்சம் கூடுதலாகக் கண் வைக்க வேண்டும்.

பிரைவேட்னு போட்டும் அதே கிளாஸோட இன்னொரு ஆப்ஜெக்ட் அதைப் பார்க்குதே, இது ஓட்டை இல்லையா?

ஓட்டை இல்லை. ஜாவா, சி++, சி ஷார்ப் எல்லாவற்றிலும் வேலி கிளாஸைச் சுற்றித்தான், ஆப்ஜெக்டைச் சுற்றி அல்ல. இரண்டு தேதிகள் சமமா என்று பார்க்கும் மெத்தடை எழுதிப் பாருங்கள், எதிரில் இருக்கும் தேதியின் உள்ளே பார்க்க முடியாவிட்டால் அதற்கென்றே வெளியே ஒரு மெத்தட் திறக்க வேண்டியிருக்கும், அதை ஊரே பார்க்கும். முதல் கேள்விக்குச் சொன்ன பதிலை வைத்துப் பார்த்தாலும் இது சரிதான்: உள்ளமைப்பு மாறினால் திருத்த வேண்டியது அந்த ஒரு கிளாஸ் ஃபைலை மட்டும், அதில் எத்தனை ஆப்ஜெக்ட் உருவானால் என்ன.

ஆப்ஜெக்டைச் சுற்றி வேலி போடும் மொழிகளும் உண்டு. ஸ்மால்டாக்கில் ஒரு ஆப்ஜெக்டின் மாறிகளை அது மட்டுமே தொடும், ஆனால் மெத்தட்கள் எல்லாமே வெளிப்படை. ரூபியில் பிரைவேட் மெத்தடை அதே கிளாஸின் இன்னொரு ஆப்ஜெக்ட் மேல் கூப்பிட முடியாது, அதற்குத்தான் அங்கே புரொடெக்டட் இருக்கிறது. அதாவது ரூபி புரொடெக்டட் வேறு, ஜாவா புரொடெக்டட் வேறு. பெயர் ஒன்றாக இருப்பதை நம்பி ஏமாறாதீர்கள்.

ஃபீல்டெல்லாம் பிரைவேட், ஒவ்வொண்ணுக்கும் படிக்க கெட்டர், மாத்த செட்டர். இதானே என்கேப்சுலேஷன் (உள்ளமைப்பை மூடி வைக்கிறது)?

கதவைப் பூட்டிச் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்ட மாதிரி. ஃபீல்டின் பெயரும் வகையும் அப்படியே கெட்டரில் தெரிகிறது, செட்டரில் யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்றால் நீங்கள் மறைத்தது என்ன? ஐடிஇ (நிரல் எழுதும் மென்பொருள்) ஒரு சொடுக்கில் எழுதித் தருகிறது என்பதால் இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

ஜாவாவின் பழைய டேட் கிளாஸ் இதற்கு நல்ல பாடம். அதில் வருடத்தைக் கேட்டால் 1900-ஐக் கழித்துத் தரும், 2024-க்கு 124 வரும். மாதம் 0-ல் ஆரம்பிக்கும். உள்ளே வசதிக்காக வைத்துக்கொள்ளும் கணக்கு மெத்தட் வழியாக அப்படியே வெளியே வந்துவிட்டது. ஃபீல்டு மறைந்திருந்தும் அந்த முடிவு மறையவில்லை. வெளியே ஆள் பழகிப்போனதால் அதைத் திருத்தவும் முடியாமல், அந்த மெத்தட்களைப் பயன்படுத்தாதீர்கள் என்று குறித்துவிட்டு, 2014-ல் ஜாவா 8-ல் புதிதாக ஒரு தேதி நூலகமே கொண்டுவந்தார்கள்.

கெட்டரே கூடாது என்று நான் சொல்லவில்லை. "இருப்பை எடுத்து, கழித்து, திரும்ப வை" என்று மூன்று மெத்தட் கூப்பிடுவதற்குப் பதில் "இவ்வளவு எடு" என்று ஒரே மெத்தட் இருந்தால், இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது என்ற விதி ஒரே இடத்தில் நிற்கும். மற்றபடி வெறும் தரவைச் சுமந்து போகும் கிளாஸ் என்றால் கெட்டர் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றும் குடிமுழுகாது.

ஃபீல்டு பிரைவேட், செட்டரும் கிடையாது. ஆனா மதிப்பு வெளியிலிருந்து மாறிடுச்சு. எப்படி?

கெட்டர் ஒரு லிஸ்டைத் திருப்பித் தருகிறதா? அப்படியென்றால் காரணம் அதுதான். நீங்கள் கொடுத்தது லிஸ்டின் நகல் இல்லை, அந்த லிஸ்டையே.

இதில் நானே ஒரு முறை மாட்டினேன். வந்த வேலைகளை வந்த வரிசையிலேயே முடிக்க வேண்டிய ஒரு கிளாஸ், உள்ளே ஒரு லிஸ்ட், வெளியே அதைத் தரும் ஒரு கெட்டர். சில மாதம் ஒழுங்காக ஓடியது. திடீரென்று சில வேலைகள் முன்னே பின்னே முடிய ஆரம்பித்தன, அதுவும் எப்போதாவது. இரண்டு நாள் திரெட்களை (ஒரே நேரத்தில் ஓடும் இழைகளை) சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் பார்த்தால், திரையில் பெயர் வரிசையில் காட்டுவதற்காக வேறொருவர் என் கெட்டரைக் கூப்பிட்டு, கிடைத்த லிஸ்டை அங்கேயே சார்ட் செய்திருந்தார். அந்தத் திரையை யாராவது திறக்கும்போதெல்லாம் என் வரிசை கலைந்தது. அவர் மேல் தப்பில்லை, நான் கொடுத்ததைத்தான் அவர் எடுத்தார்.

தீர்வு எளிது: நகலைக் கொடுங்கள், அல்லது மாற்ற முடியாத உறைக்குள் வைத்துக் கொடுங்கள். உள்ளே வாங்கும்போதும் இதே கதைதான், கன்ஸ்ட்ரக்டருக்கு (ஆப்ஜெக்டை உருவாக்கும் பகுதி) வந்த லிஸ்டை அப்படியே வைத்துக்கொண்டால் கொடுத்தவர் கையில் இன்னும் அதன் பிடி இருக்கிறது. இன்னொன்று, உறை போட்டாலும் உள்ளே இருக்கும் ஆப்ஜெக்ட்கள் மாறக்கூடியவையாக இருந்தால் அவற்றை மாற்ற முடியும்.

புரொடெக்டட் போட்டா பிரைவேட் மாதிரி பத்திரமாவும் இருக்கும், வசதியாவும் இருக்குமே?

பெயர்தான் அப்படி. நீங்கள் வெளியிடும் நூலகத்தில் ஒரு மெத்தட் புரொடெக்டட் என்றால், உங்கள் கிளாஸிலிருந்து வாரிசு எடுக்கும் எவரும் அதைக் கூப்பிடலாம், பல நேரம் மாற்றியும் எழுதலாம். அதை நம்பி அவர்கள் எழுதிவிட்ட பிறகு பெயரைக்கூட மாற்ற முடியாது. கிட்டத்தட்ட பப்ளிக்தான். ஜாவாவில் இன்னும் ஒரு படி மேலே போய், அதே பேக்கேஜில் இருக்கும் எல்லோருக்கும் புரொடெக்டட் திறந்திருக்கும், அதாவது எதுவும் போடாமல் விடுவதைவிட இது தளர்வானது.

மெத்தட் என்றாலாவது யோசிக்கலாம். ஃபீல்டைப் புரொடெக்டட் ஆக்குவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது, அந்த ஃபீல்டின் விதியை யார் காப்பாற்றுவது என்பதே தெரியாமல் போய்விடும்.

வேற பேக்கேஜ்ல சப்கிளாஸ் எழுதியிருக்கேன். தாய் கிளாஸ் ஆப்ஜெக்டை வாங்கி அதோட புரொடெக்டட் மெத்தடைக் கூப்பிட்டா ஜாவா விட மாட்டேங்குது.

விடாது. வேறு பேக்கேஜிலிருந்து கூப்பிடும்போது, கூப்பிடப்படும் ஆப்ஜெக்டின் வகை உங்கள் சப்கிளாஸாகவோ அதன் வாரிசாகவோ இருக்க வேண்டும், தாய் வகையாக இருந்தால் போதாது. இல்லாவிட்டால் என்ன நடக்கும் பாருங்கள்: உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு சப்கிளாஸின் ஆப்ஜெக்ட் தாய் வகையில் உங்கள் கைக்கு வரலாம், அதன் உள்ளே கை விடுவதற்காகவே நீங்கள் ஒரு வாரிசு கிளாஸ் எழுதிக்கொள்ளலாம். சி++-லும் இதே விதிதான்.

தாய் கிளாஸ்ல இருக்கிற மெத்தட் பேர்லயே சப்கிளாஸ்ல எழுதினேன், ஆனா பழசுதான் ஓடுது.

தாய் கிளாஸில் அது பிரைவேட்டா என்று பாருங்கள். ஜாவாவில் பிரைவேட் மெத்தடை மாற்றியெழுத முடியாது. நீங்கள் எழுதியது அதே பெயரில் ஒரு புது மெத்தட், தாய்க்கு அது இருப்பதே தெரியாது. மெத்தட் தலையில் ஓவர்ரைடு (மாற்றியெழுதுகிறேன்) குறிப்பைப் போட்டிருந்தால் நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலரே சொல்லியிருக்கும், அந்தக் குறிப்பை விடாமல் போடுங்கள்.

சி++ இதில் நேர் எதிர். அங்கே தாயின் பிரைவேட் விர்ச்சுவல் (வாரிசு மாற்றியெழுதலாம் என்று குறித்த) மெத்தடை சப்கிளாஸ் மாற்றியெழுதலாம், ஆனால் தாயினுடையதைக் கூப்பிட முடியாது. கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் வேண்டுமென்றே இப்படி எழுதுகிறார்கள்: வெளியே ஒரு சாதாரண பப்ளிக் மெத்தட், அது சோதனையெல்லாம் முடித்துவிட்டு உள்ளே பிரைவேட் விர்ச்சுவலைக் கூப்பிடும், சப்கிளாஸ் நடுவில் இருக்கும் அந்த ஒரு படியை மட்டும் மாற்றும்.

சரி, தாய் கிளாஸ்ல பப்ளிக்கா இருக்கிறதை நான் பிரைவேட் ஆக்கிக்கலாமா?

ஜாவாவில் முடியாது, கம்பைலர் நிறுத்திவிடும். தாய் வகையை எதிர்பார்க்கும் இடத்தில் உங்கள் ஆப்ஜெக்டைக் கொடுக்கலாம் என்பது ஒப்பந்தம், கொடுத்த பிறகு "இந்த மெத்தட் இல்லை" என்று சொல்ல முடியுமா? மறைக்க ஆசை வருகிறது என்றால் அந்த இடத்தில் வாரிசு உறவே தப்பாக இருக்கலாம். ஜாவாவின் ஸ்டாக் (அடுக்கு) கிளாஸ் வெக்டரிலிருந்து (நீளக்கூடிய பட்டியல்) வாரிசு எடுத்தது. மேலே வைத்து மேலேயே எடுக்க வேண்டிய அடுக்கில், வெக்டரின் மெத்தடைக் கூப்பிட்டு நடுவில் ஒன்றைச் செருகலாம். ஸ்டாக்கை எழுதியவர் அதை பிரைவேட் ஆக்கித் தடுக்க நினைத்தாலும் வழியில்லை. வெக்டரை உள்ளே ஒரு பிரைவேட் ஃபீல்டாக வைத்திருந்தால் இந்தச் சங்கடமே வந்திருக்காது.

பிரைவேட் மெத்தடை எப்படி டெஸ்ட் பண்றது? டெஸ்டுக்காக பப்ளிக் ஆக்கிடலாமா?

முதலில் பப்ளிக் மெத்தட் வழியாகவே டெஸ்ட் எழுதிப் பாருங்கள். அந்த பிரைவேட் மெத்தடுக்குள் இருக்கும் ஒரு கிளையை வெளியிலிருந்து எட்டவே முடியவில்லை என்றால், அந்தக் கிளை தேவையா என்று கேளுங்கள். எட்டலாம், ஆனால் அதற்கு முப்பது வரி ஏற்பாடு வேண்டும் என்றால் உள்ளே இன்னொரு கிளாஸ் ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம், அதை வெளியே எடுத்து அதன் பப்ளிக் மெத்தடாக டெஸ்ட் செய்யலாம்.

இதெல்லாம் நேரமில்லாதபோது பேக்கேஜ் அளவுக்குத் திறந்துவிட்டு அதே பேக்கேஜில் டெஸ்ட் எழுதுவதை நான் குறை சொல்ல மாட்டேன், நானும் செய்திருக்கிறேன். சி ஷார்ப்பில் உள் மெத்தட்களைக் குறிப்பிட்ட ஒரு டெஸ்ட் அசெம்பிளிக்கு (தொகுத்த ஃபைல்) மட்டும் காட்டும் வசதி இருக்கிறது. டெஸ்டுக்காக பப்ளிக் ஆக்குவது மட்டும் வேண்டாம், டெஸ்ட் மட்டுமே கூப்பிடும் என்று நீங்கள் நினைப்பீர்கள், ஆறு மாதம் கழித்துத் தேடினால் நாலு இடத்தில் இருக்கும்.

பைத்தான்ல பிரைவேட்டே இல்லையே, அப்ப அங்க தகவல் மறைப்பு கிடையாதா?

இருக்கிறது, கம்பைலர் காவலுக்கு நிற்பதில்லை அவ்வளவுதான். பெயருக்கு முன் ஒரு அடிக்கோடு என்றால் "இதைத் தொடாதே" என்று வழக்கம். இரண்டு அடிக்கோடு போட்டால் பைத்தான் அந்தப் பெயரோடு கிளாஸ் பெயரையும் சேர்த்து மாற்றிவிடும். பலரும் இதுதான் பிரைவேட் என்று நினைக்கிறார்கள், உண்மையில் அது சப்கிளாஸில் அதே பெயர் தற்செயலாக மோதாமல் இருப்பதற்காக, மாற்றிய பெயரைச் சொல்லி யார் வேண்டுமானாலும் எட்டலாம்.

ஜாவாஸ்கிரிப்ட் வேறு மாதிரி. # போட்டு ஆரம்பிக்கும் ஃபீல்டுகள் 2022 பதிப்பில் தரத்தில் சேர்ந்தன, அவை ஓடும்போதும் உண்மையிலேயே மூடியிருக்கும். டைப்ஸ்கிரிப்டின் பிரைவேட் அப்படி இல்லை, சரிபார்க்கும்போது மட்டும் இருக்கும், ஓடும் நிரலில் அதன் சுவடே இருக்காது.

ரிஃப்ளெக்‌ஷன் வெச்சு பிரைவேட்டையும் கூப்பிடலாமே, அப்புறம் எதுக்கு இதெல்லாம்?

கூப்பிடலாம், வரும் விளைவை நீங்கள்தான் சுமக்க வேண்டும். ஜாவாவில் பல வருடம் இது சுலபமாக நடந்தது, ஜேடிகேயின் (ஜாவாவின் கருவித்தொகுப்பு) உள்கிளாஸ்களை எத்தனையோ நூலகங்கள் இப்படித் தொட்டுக்கொண்டிருந்தன. ஜாவா 9-ல் மாட்யூல்கள் (பேக்கேஜ்களைக் கட்டி, வெளியே எது தெரியலாம் என்று சொல்லும் முறை) வந்தபோது எச்சரிக்கை மட்டும் காட்டினார்கள், 16-ல் இயல்பாகவே மூடினார்கள், 2021-ல் வந்த 17-ல் மொத்தமாகத் திறந்துவிடும் அந்தத் தேர்வையே எடுத்துவிட்டார்கள். இப்போது குறிப்பிட்ட பேக்கேஜைப் பெயர் சொல்லித் திறந்தால்தான் உண்டு. ஸ்ட்ரிங்கின் அரேயைப் பிடித்தவர்கள் என்று மேலே சொன்னேனே, இந்தக் கூட்டம்தான் அது.

சி++-ல லாங் வாங்குற மெத்தட் பப்ளிக், அதே பேர்ல இன்ட் வாங்குறது பிரைவேட். வெளியிலிருந்து 5-னு கொடுத்தா லாங்குக்குப் போக வேண்டியதுதானே, ஏன் எர்ரர்?

சி++ முதலில் எது பொருத்தம் என்று முடிவு செய்யும், அதற்கப்புறம்தான் அனுமதி இருக்கிறதா என்று பார்க்கும். 5 இன்ட் (சாதாரண முழு எண் வகை, லாங் வேறு வகை), அதனால் பிரைவேட் மெத்தட் ஜெயித்துவிடுகிறது, பிறகு வாசலில் நிறுத்தப்படுகிறது. ஜாவா இதே நிரலை ஏற்றுக்கொண்டு லாங்கைக் கூப்பிடும், அங்கே எட்ட முடியாத மெத்தட் போட்டியிலேயே இல்லை.

சி++ முறை முட்டாள்தனமாகத் தெரியும். ஆனால் ஜாவாவில் அந்த இன்ட் மெத்தடை யாராவது பப்ளிக் ஆக்கினால், அடுத்த கம்பைலில் உங்கள் அழைப்பு சத்தமே இல்லாமல் வேறு மெத்தடுக்குப் போய்விடும். சி++-ல் பிரைவேட்டைப் பப்ளிக் ஆக்கினால் எர்ரர் போகும், ஆனால் ஏற்கனவே ஓடிய நிரலின் அர்த்தம் மாறாது. எனக்கு சி++ செய்வதுதான் சரி என்று படுகிறது, ஒத்துக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள்.

எங்க நிரல்ல எல்லாமே பப்ளிக். இப்ப எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

ஒரே நாளில் எல்லாவற்றையும் மூடாதீர்கள். மாற்ற வரலாற்றை எடுத்து, அடிக்கடி கை வைக்கப்படும் கிளாஸ் எது என்று பாருங்கள், முதல் கேள்வியில் சொன்ன "மாறக்கூடியது" எது என்று அதுவே காட்டிவிடும். அந்த ஒரு கிளாஸில் ஒவ்வொரு பப்ளிக் மெத்தடையும் பிரைவேட் ஆக்கி கம்பைல் செய்து பாருங்கள். எர்ரர் வராதவை பெரும்பாலும் வெளியே யாருக்கும் தேவைப்படாதவை, பிரைவேட்டாகவே விட்டுவிடலாம், ஆனால் பெயரை வைத்து ரிஃப்ளெக்‌ஷனில் கூப்பிடும் ஃபிரேம்வொர்க்கோ கான்ஃபிக் ஃபைலோ இருக்கிறதா என்று பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள், அது கம்பைலர் கண்ணில் படாது.

எர்ரர் வருபவற்றில், கூப்பிடுபவர்கள் உங்கள் டீமுக்குள்ளேயே இருந்தால் அவர்களுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று கேட்டு அதற்கு ஒரு மெத்தட் கொடுங்கள். பெரும்பாலும் மூன்று கெட்டருக்குப் பதில் ஒரு மெத்தட் போதும். வெளியாட்கள் என்றால் உடனே மூட முடியாது: இனி பயன்படுத்தாதீர்கள் என்று குறித்து, மாற்று வழியைக் காட்டி, அடுத்த பெரிய பதிப்பில் எடுங்கள். எதையாவது எடுத்தபிறகு, நீங்கள் வாக்கே கொடுக்காத ஒன்றை, எர்ரர் செய்தியின் வாசகத்தையோ பதில் வரும் வரிசையையோ, நம்பியிருந்ததாக யாராவது வந்து நிற்பார்கள். அவரைத் திட்டாமல், அடுத்த பதிப்பின் குறிப்பில் அதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.